‘இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே!’

(திருவண்ணாமலையில் மோட்டார் தொழிலாளர்களும் வாடகை வண்டிக்காரர்களும் கூடியிருந்த கூட்டத்தில், விபத்து வழக்குகள் நடத்திவரும் வக்கீல் ஒருவர் பேசிய பேச்சு.)



மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் ஜனங்கள் அதை நடந்து முடித்துவிட்டு, வந்த வேனிலேயே ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். டிரைவர் தோழர் என்ன செய்கிறார்? பகலில் ஒரு சவாரி ஓட்டிவிட்டு, சாயந்திரம் பெங்களூரில் ஆள் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவர் அவர். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருப்பார். விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணாடியைத் தட்டுகிறார்கள். “எடுப்பா வண்டியை! ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்கணும்!” எடுக்கிறார். செங்கம் ரோட்டைப் பிடிக்கிறார். மிதிக்கிறார்.

அந்த ரோட்டை நான் உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை. 2023 அக்டோபர் மாதத்தில், பத்து நாளைக்குள், செங்கம் அருகே அதே ரோட்டில் இரண்டு பெரிய விபத்துகள். முதலாவதில் காரும் லாரியும் மோதி ஏழு பேர் செத்தார்கள். இரண்டாவதில் காரும் அரசு பஸ்ஸும் மோதி ஏழு பேர் செத்தார்கள். இரண்டாவது விபத்தில் போனவர்களில் பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். ஆயுத பூஜை லீவுக்கு ஊர் பார்க்கப் போய்த் திரும்பியவர்கள்.

இந்தியா பூராவிலும் 2022-ஆம் வருஷத்தில் ரோட்டில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம்: 64,105. சாவுகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை என்று மத்திய சர்க்கார் அறிக்கை சொல்கிறது. எந்த விபத்துக்கும் போலீஸ் எழுதச் சுலபமான காரணம் ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்பது எனக்கும் தெரியும். ரோட்டுப் பள்ளத்தைக் கூண்டில் ஏற்ற முடியாதல்லவா? ஆனாலும் அந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. மிதிப்பது நம் கால்தான்.

இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. வேகமாகப் போகாதே என்று சொன்னால், முதலாளியும் சொல்கிறார், சில சமயம் நாமும் சொல்கிறோம்: “இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே!” அந்த இன்ஷூரன்ஸ் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்போம்.

கம்பெனி ஜெயிலுக்கு வராது

முதல் விஷயம், கிரிமினல் கேஸ். இதில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலையே கிடையாது. 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, 304-ஏ என்ற இரண்டு நம்பர்கள் டிரைவர்களுக்கு மனப்பாடம். அஜாக்கிரதையால் ஆளைச் சாகடித்தால் அதிகபட்சம் 2 வருஷம் என்று 304-ஏ சொல்லிற்று. அந்தக் காலம் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம். வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினால் 281-ஆவது பிரிவு: 6 மாதம் வரை. ஆள் செத்தால் 106-ஆவது பிரிவு: 5 வருஷம் வரை, அபராதமும் உண்டு. இரண்டு, ஐந்தாகிவிட்டது.

அதே 106-இல் இரண்டாவது உட்பிரிவு ஒன்று எழுதினார்கள். அடித்துவிட்டுப் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை. 2024 ஜனவரி தொடக்கத்தில் வடநாடெங்கும் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. உள்துறைச் செயலாளர் லாரி சங்கத்தாரைக் கூப்பிட்டுப் பேசினார். சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. போராட்டம் நியாயமானது. நின்றால் கூட்டம் அடித்துக் கொல்கிறது, ஓடினால் பத்து வருஷம் என்றால் தொழிலாளி எங்கே போவான்?

ஆனால் தோழர்களே, ஓடலாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு முன்னாலேயே இருக்கிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது டிரைவரின் கடமை. ஜனங்களின் ஆத்திரத்தால் அது முடியாமற்போனால் விலக்கு உண்டு என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உயிருக்குப் பயம் என்றால் நேரே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். இன்ஷூரன்ஸ் விவரத்தைக் கம்பெனிக்கும் எழுதுங்கள். பின்னால் கோர்ட்டில் ‘ஓடிப்போனவன்’ என்ற பெயர் வாங்காமலிருக்க இதுதான் வழி.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆள் செத்தால் கேஸின் ஜாதியே மாறுகிறது. 2006 நவம்பரில் பம்பாய் கார்ட்டர் ரோட்டில், ரோடு போட வந்து நடைபாதையில் தூங்கிய கூலி ஜனங்கள் மேல் பணக்கார வாலிபன் ஒருவன் காரை ஏற்றினான். ஏழு பேர் செத்தார்கள். கீழ்க்கோர்ட்டு கொடுத்தது 6 மாதம்! ஏழு தொழிலாளி உயிருக்கு ஆறு மாதம். ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. ஹைகோர்ட்டு அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக மாற்றி 3 வருஷம் கொடுத்தது. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. அந்தத் தீர்ப்பு பணக்காரனுக்கு மட்டுமல்ல, குடித்துவிட்டுக் குட்டியானை ஓட்டுகிறவருக்கும் பொருந்தும்.

இன்னொன்று. “ஸ்டேஷனிலேயே பேசி முடித்துவிட்டோம், ஐம்பதாயிரம் கொடுத்தாயிற்று” என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சாவுக் கேஸை ராஜி செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. கொடுத்த பணமும் போகும், கேஸும் நடக்கும், நஷ்டஈட்டுத் தாவாவும் வரும்.

விடுதலையானாலும் விடாது

தாவா என்றேன். கிரிமினல் கோர்ட்டில் விடுதலையாகிவிட்டால் நஷ்டஈடும் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. என்.கே.வி. பிரதர்ஸ் என்ற பஸ் கம்பெனியின் வழக்கு, 1980-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்த பஸ், தாழத் தொங்கிய மின்கம்பியில் மோதியது. அங்கேயே எட்டு உயிர் போயிற்று. டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலையானார். கம்பெனி அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்றது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டமந்திரியாக இருந்தவர்தான். கிரிமினல் கேஸுக்கு வேண்டிய சாட்சியம் வேறு, நஷ்டஈட்டுக்கு வேண்டியது வேறு. அங்கொரு சந்தேகம் இங்கொரு மயக்கம் என்று சொல்லி முதலாளிகள் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் விடக்கூடாது என்று எழுதினார். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் நாங்கள் வாதாடுகிறோம்.

சரி, எவ்வளவு நஷ்டஈடு வரும்? கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வேட்டவலம் ரோட்டில் சைக்கிளில் போகிற ஒரு சென்ட்ரிங் தொழிலாளியை வேன் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது 32. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறவர். பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், வயதான தாய். சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் இதற்குச் சூத்திரம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. நாற்பதுக்குக் கீழே வயதானதால் எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்டு: 21,000. அவர் தனக்குச் செலவிடும் கால் பங்கைக் கழி: 15,750. பன்னிரண்டு மாதத்துக்கு 1,89,000. முப்பத்திரண்டு வயதுக்குப் பெருக்கல் எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய்! இதற்கு மேல் ஈமச்செலவு முதலியவை, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி.

தாய்மார்களும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெண் அடிபட்டுச் செத்தால், ‘சம்பாத்தியம் இல்லாதவர்தானே’ என்று எதிர்த்தரப்பில் வாதாடுவது வழக்கம். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் மாடு கறப்பதும் உழைப்புதான், அதற்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பாலிசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஷரத்து

முப்பது லட்சத்தை லாரி டிரைவரோ ஒற்றை வண்டிக்காரரோ எங்கிருந்து கொடுப்பார்? கொடுக்க முடியாது என்பதால்தான் கட்டாய இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடே வந்தது. இங்கிலாந்தில் 1930-இல் சட்டமாயிற்று. இந்தியாவில் 1939-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எழுதினார்கள், 1946 ஜூலை 1 முதல் அமலாக்கினார்கள். ஆகவே அந்தப் பாலிசி முதலில் ரோட்டில் நடப்பவனுக்காக ஏற்பட்டது. மூன்றாம் நபர் என்கிறோமே, அவனுக்காக. பாலிசியை வாங்குகிறவர் நீங்கள், பாதுகாப்பு அவனுக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பாலிசியே இல்லாமல் ஓட்டினால்? அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய். அல்லது 3 மாதம் ஜெயில். “ரெண்டாயிரம்தானே, கட்டிக்கொள்ளலாம்” என்கிறார்கள். அன்றைக்கு விபத்து நடந்தால் முப்பது லட்சமும் உங்கள் வீட்டின் மேல், உங்கள் ஒரு ஏக்கர் கொல்லையின் மேல் ஏறும். இரண்டாயிரத்தைப் பார்த்தவர்கள் முப்பது லட்சத்தைப் பார்க்கவில்லை.

பாலிசி இருந்து லைசென்சு இல்லாவிட்டால்? 2004-இல் சுவரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி சொல்லிற்று. மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட வேண்டும். முதலாளி தெரிந்தே லைசென்சு இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால், கொடுத்த பணத்தைக் கம்பெனி முதலாளியிடமே வசூலித்துக்கொள்ளலாம். கம்பெனி மறக்காது, தோழர்களே. இரண்டு வருஷம் கழித்தும் நோட்டீஸ் வரும். அடிபட்ட குடும்பத்துக்குப் பணம் கிடைத்துவிட்டதே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டு வாசலில் அமீனா நிற்பார்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. இலகுரக வாகன லைசென்சு வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்டினால், ‘பேட்ஜ் இல்லை’ என்று சொல்லிக் கம்பெனிகள் கையை விரித்துவந்தன. 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்க மறுத்தது. கம்பெனிகள் மீண்டும் கிளப்பின. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அதே முடிவை உறுதி செய்தது. ஆட்டோ, குட்டியானை ஓட்டும் தோழர்களுக்கு இது பெரிய வெற்றி.

பையன் கையில் சாவி கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பாதவன் ஓட்டி விபத்தானால், 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி தகப்பனுக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. 2024 மே மாதம் பூனாவில் பணக்கார வீட்டுப் பையன் விலையுயர்ந்த காரால் இரண்டு பேரைக் கொன்றான். முதலில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள். நாடே சிரித்தது. நம் வீட்டுப் பையன் மொபெட்டில் யாரையாவது அடித்துவிட்டால் கட்டுரையோடு விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

இப்போது நம் மாவட்டத்தின் பெரிய வியாதிக்கு வருகிறேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. கல்யாணம், காதுகுத்து, துக்கம், நாற்று நடவு, கோயில், எதற்கும் மினி லாரிதான். பஸ் வராத கிராமம், வாடகைக் காருக்கு வழியில்லாத ஜனம். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. 2022 ஏப்ரல் 2, யுகாதி தினம். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் செம்பரை மலைக் கோயிலுக்குச் சரக்கு வேனில் போனார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டது. பதினோரு பேர் செத்தார்கள், அநேகமாக எல்லோரும் பெண்களும் குழந்தைகளும்.

சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவர்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் பொறுப்பு கிடையாது என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. முந்தைய தீர்ப்பையே மாற்றி எழுதியது. வண்டியில் இருக்கும் சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய ஆளுக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. பத்து மூட்டை மல்லாட்டை ஏற்றிக்கொண்டு கமிட்டிக்குப் போகும் விவசாயி, தன் மூட்டையோடு போனால், அவருக்கு உண்டு. அதே வண்டியில் சந்தைக்குத் தொற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. சில வழக்குகளில் கோர்ட்டு இரக்கப்பட்டு, கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றிருக்கிறது. அது அந்தந்தக் கோர்ட்டின் இரக்கம். அதை நம்பி முப்பது பேரை ஏற்றலாமா? முப்பது பேருக்கும் பொறுப்பு வண்டிக்காரர் தலையில் என்றால், தலைமுறைக்கும் கடன்தான்.

பாலிசியை வாங்கும்போது ‘தர்டு பார்ட்டி’யா, ‘ஃபுல்’லா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வெறும் தர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அதில் இடமில்லை என்று 2006-லேயே தீர்ப்பாகியிருக்கிறது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த இடம் அதுதான்.

ஓட்டியவர் குடும்பத்துக்கு?

இதுவரை அடிபட்டவர் குடும்பம். அடித்த வண்டியை ஓட்டியவரே செத்துப்போனால்?

2014-இல் கர்நாடகத்தில் ஒருவர் காரை வேகமாக ஓட்டி, கார் உருண்டு இறந்துபோனார். குடும்பம் 80 லட்சம் கேட்டது. தீர்ப்பாயம் தள்ளிற்று. ஹைகோர்ட்டு தள்ளிற்று. 2025 ஜூலை 2 அன்று சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. தன் தப்பால் செத்தவரின் வாரிசுகள், அந்தத் தப்புக்கே நஷ்டஈடு கேட்க முடியாது என்பதுதான் சட்டம். இரவல் வாங்கி ஓட்டினாலும் சொந்தக்காரரின் ஸ்தானத்தில்தான் நிற்கிறீர்கள் என்று 2020-இல் இன்னொரு தீர்ப்பு.

சொந்தக்காரர் தாமே ஓட்டினால் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. 2018 முதல் அது 15 லட்சம். லைசென்சு இருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது. அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. மகன் ஓட்டினால் மகனுக்கு வராது.

கூலிக்கு ஓட்டும் டிரைவரின் கதி என்ன? தோழர்களே, இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1923-ஆம் வருஷத்திலிருந்தே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்று இருந்துவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ஓர் அத்தியாயம். அதன் அடிப்படை வேறு. வேலையின்போது விபத்தில் தொழிலாளி செத்தால், அவர்மேலேயே தப்பு இருந்தாலும், முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பையும் வண்டியின் பாலிசி தாங்கும். தன் கார் ஓட்டிச் செத்தவருக்கு இல்லாத உரிமை, கூலி டிரைவருக்கு உண்டு. கிளீனருக்கும் உண்டு. அந்த நாள் தொழிலாளர் இயக்கங்கள் சும்மா வாங்கிவைத்ததல்ல அது.

ஆனால் வழக்குக்கு வரும்போது என்ன நடக்கிறது? “நீ அவரிடம் வேலை பார்த்தாய் என்பதற்கு அத்தாட்சி என்ன?” நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. பேட்டா கையில். முதலாளி கூண்டில் ஏறி, “அவன் என் சிநேகிதன், வண்டியை இரவல் வாங்கிப் போனான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொழிலாளி என்ற ஸ்தானம் போய் இரவல்காரர் ஸ்தானம் வந்துவிடுகிறது. விதவை வெறுங்கையோடு ஊருக்குப் போகிறாள். ஆகவே சம்பளத்தைப் பாங்குக் கணக்கில் வாங்குங்கள். போனில் பணம் அனுப்பினாலும் சரி, ‘சம்பளம்’ என்று ஒரு சொல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். டிரிப் ஷீட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். கேட்டால் வேலை போய்விடுமே என்றால், தனியாகக் கேட்காதீர்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

‘ஏழு மணிக்குள் வா’ என்றவர்

கூண்டில் நிற்பது எப்போதும் டிரைவர். “ஏழு மணிக்குள் வந்து சேர்” என்று போனில் சொன்னவர் எங்கே?

சட்டத்தில் அவருக்கும் ஒரு மூலை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவு, வேகவரம்பை மீறி ஓட்டுகிறவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டவைக்கிறவரையும் தண்டிக்கிறது. நாலாவது உட்பிரிவு இன்னும் தெளிவு. வேகவரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தில் பயணத்தை முடிக்கும்படி கால அட்டவணை போட்டாலோ கட்டளையிட்டாலோ, அந்த அட்டவணையும் கட்டளையுமே அவர் குற்றம் செய்ததற்கு முகாந்தரமான சாட்சி. எத்தனை முதலாளிகள் மேல் இந்தப் பிரிவில் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று உங்களில் யாராவது சொல்லுங்கள், பார்ப்போம். சாட்சி இல்லாமலா? இப்போது கட்டளையெல்லாம் டிரைவரின் போனிலேயே எழுத்தாகவும் குரலாகவும் கிடக்கிறது. அதை அழிக்காதீர்கள்.

வேலை நேரத்தைப் பற்றியும் 1961-ஆம் வருஷத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதினார்கள். 2025-இல் அதுவும் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, எட்டு மணி என்ற பேச்சு அதிலும் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்து, ராத்திரி காத்துக்கிடந்து, விடியலில் திரும்பும் டிரைவருக்கு எத்தனை மணி ஆகிறது? கூட்டிப் பாருங்கள். ஒற்றை வண்டி வைத்துத் தவணை கட்டும் நண்பர்களே, உங்களை நான் பெரிய முதலாளிகளோடு சேர்க்கவில்லை. இருபது தேதிக்குள் தவணை கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பைனான்ஸ்காரன் உங்கள் பின்னால் நிற்கிறான். ஆனால் தூக்கம் கெட்ட டிரைவர் கையில் கொடுத்த வண்டி, தவணையோடு சேர்த்து வீட்டையும் கொண்டுபோகும்.

அரசு பஸ்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கழகங்கள் தனி நிதி வைத்திருந்தால் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டாம் என்று சட்டம் விலக்குக் கொடுக்கிறது. தீர்ப்பாகியும் பணம் கட்டாததால், பஸ் ஸ்டாண்டில் பிரயாணிகளை இறக்கிவிட்டு அமீனா பஸ்ஸை ஜப்தி செய்வதைத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம். மகனைப் பறிகொடுத்த தாய் ஒரு பஸ்ஸை ஜப்தி செய்துதான் பணம் வாங்க வேண்டுமென்றால், ‘நிதி’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

நாளும் கடிதமும்

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்று 2022-இல் விதி வந்திருக்கிறது. அனுப்பினார்களா என்று கேளுங்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டுமென்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று வரம்பு புகுத்தினார்கள். அதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். வண்டி எதுவென்றே தெரியாமல் அடித்துவிட்டுப் போய்விட்டால், சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 சர்க்கார் திட்டத்தில் உண்டு. முன்பு 25,000 என்றிருந்தது. மிகக் குறைச்சல்தான், ஆனாலும் கேட்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

விபத்தான இரண்டாம் நாளே ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் தரகர் வந்துவிடுவார். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார். போடாதீர்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் போட்டுத் தருவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே போகிறதற்கு முன்னால், நான் சற்று முன் சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முப்பது லட்சம் வரவேண்டிய இடத்தில் எட்டு லட்சத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு.

நேரமாகிவிட்டது. கேள்விகளைக் கேட்கலாம். கம்பெனி வசூல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது என்று சொன்ன தோழர் முதலில் வரட்டும். நோட்டீஸைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்களா?